எம்.எஸ். முடித்த பின்னும் ஏன் மீண்டும் பயிற்சி? கண் மருத்துவர் ஒருவர் உருவாகும் பாதை

முதுநிலை மருத்துவப் படிப்புக்கான நீட் தரவரிசை வெளியாகிக் கலந்தாய்வு தொடங்கும் வாரங்களில், கண் மருத்துவத்தை விரும்பும் மாணவர்களிடையே ஒரே கேள்வி திரும்பத் திரும்ப எழுகிறது: மருத்துவக் கல்லூரியில் கிடைக்கும் எம்.எஸ். என்னும் முதுநிலைப் பட்ட இடத்தை எடுப்பதா, பெரிய கண் மருத்துவமனையில் கிடைக்கும் டி.என்.பி. என்னும் தேசியத் தேர்வு வாரியத் தகுதிக்கான இடத்தை எடுப்பதா? இதே குழப்பம் வேறு உருவில் நோயாளிகளுக்கும் உண்டு. ஒரே தெருவில் இருக்கும் இரண்டு கண் மருத்துவர்களின் பெயர்ப்பலகைகளில் ஒருவருக்கு டி.ஓ. என்றும், மற்றவருக்கு எம்.எஸ்., எஃப்.ஐ.சி.ஓ., எஃப்.ஆர்.சி.எஸ். என்றும் எழுதியிருந்தால், கண்புரை அறுவைக்கு யாரிடம் போவது என்பதை அதை வைத்து முடிவு செய்ய முடியுமா?

இரு கேள்விகளுக்கும் அடியில் இருப்பது ஒரே சிக்கல். இந்தியாவில் கண் மருத்துவ முதுநிலைப் படிப்பின் காலமும் பாடத்திட்டமும் தேர்வும் விதிகளால் வரையறுக்கப்பட்டுள்ளன. ஆனால் படிப்பை முடித்து வெளியே வருபவர் தன் கையால் எத்தனை அறுவை சிகிச்சைகளைச் செய்திருப்பார் என்பது அவர் படித்த இடத்தைப் பொறுத்தே அமைகிறது. பட்டத்துக்கும் கைத்திறனுக்கும் இடையே விழும் இந்த இடைவெளியை நிரப்பத்தான் ஃபெல்லோஷிப் என்னும் மேற்பயிற்சி ஏற்பட்டது. இன்றைக்கு அது ஏறக்குறைய எல்லோரும் கடக்க வேண்டிய கட்டமாகிவிட்டது.

யார் கண் மருத்துவர், யார் இல்லை

கண்ணைப் பரிசோதிக்கும் எல்லோரும் மருத்துவர் இல்லை. எம்.பி.பி.எஸ். முடித்து, அதன்மேல் கண் மருத்துவத்தில் முதுநிலைத் தகுதி பெற்றவரே கண் மருத்துவர். மருந்தும் அறுவையும் அவர் பொறுப்பு. ஆப்டோமெட்ரிஸ்ட் என்பவர் பார்வைக் குறைபாட்டை அளந்து கண்ணாடி எழுதவும், காண்டாக்ட் லென்ஸ் பொருத்தவும், நோயின் அறிகுறி தெரிந்தால் மருத்துவரிடம் அனுப்பவும் பயின்றவர். கடைசி ஆண்டு நேரடிப் பயிற்சியையும் சேர்த்து அவருடைய பட்டப்படிப்பு நான்கு ஆண்டு. சென்னையில் 1985இல் தொடங்கப்பட்ட எலீட் ஸ்கூல் ஆஃப் ஆப்டோமெட்ரி இத்துறையின் முன்னோடிக் கல்லூரிகளில் ஒன்று. இவர்களுக்கான தனி ஒழுங்குமுறைச் சட்டம் 2021இல்தான் வந்தது. மூன்றாவது வகையினர் கண் மருத்துவ உதவியாளர்கள். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை கிராமப்புறப் பெண்களைப் பள்ளிப்படிப்பு முடிந்ததும் தேர்ந்தெடுத்து, இரண்டு ஆண்டு பயிற்சி அளித்துப் பணியமர்த்தும் முறை உலகெங்கும் பேசப்படுகிறது. அங்கே மருத்துவர் ஒருவர் நாளொன்றுக்குப் பல நோயாளிகளைக் கவனிக்க முடிவதற்கு இந்தப் பணியாளர்கள் முக்கியமான காரணம். இது பின்னால் பயிற்சி பற்றிப் பேசும்போதும் தேவைப்படும்.

பட்டங்கள்: எது எதற்குச் சமம்

1. எம்.எஸ். அல்லது எம்.டி.: மருத்துவக் கல்லூரிகளில் மூன்று ஆண்டு. பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் எம்.எஸ். என்கின்றன, டெல்லி எய்ம்ஸ் எம்.டி. என்கிறது. கண் மருத்துவத்தைப் பொறுத்தவரை இரண்டுக்கும் தகுதியில் வேறுபாடு கிடையாது. அகில இந்திய எய்ம்ஸ் நிறுவனங்கள், புதுச்சேரி ஜிப்மர், சண்டிகர் பி.ஜி.ஐ. போன்றவற்றுக்கு ஐ.என்.ஐ. செட் என்னும் தனித்தேர்வும், மற்றவற்றுக்கு நீட் முதுநிலைத் தேர்வும் நடக்கின்றன. மாநில அரசுக் கல்லூரி இடங்களில் பாதி அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போய்விடும். தமிழ்நாட்டில் எஞ்சிய மாநில இடங்களில் 50 விழுக்காடு அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கு ஒதுக்கப்படுகிறது. இத்தகைய ஒதுக்கீட்டை வழங்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2020 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது.

2. டி.என்.பி.: தேசியத் தேர்வு வாரியம் வழங்குவது. இதற்கும் மூன்று ஆண்டு. நுழைவும் அதே நீட் முதுநிலைத் தேர்வு வழியாகத்தான். கல்லூரி அல்லாத மருத்துவமனைகளிலும் படிக்கலாம் என்பதே இதன் சிறப்பு. இறுதி எழுத்துத் தேர்வு நாடு முழுவதும் ஒரே வினாத்தாளில் நடக்கும். அதில் தேறினால்தான் செய்முறைத் தேர்வுக்குப் போக முடியும்.

3. டிப்ளமா: இரண்டு ஆண்டு, ஆய்வேடு கிடையாது. டி.ஓ. என்று பலகையில் காண்பது இதைத்தான். கல்லூரிகளில் இருந்த டிப்ளமா இடங்கள் பெரும்பாலும் பட்ட இடங்களாக மாற்றப்பட்டுவிட்டன. தேசியத் தேர்வு வாரியம் தன் பெயரில் இரண்டு ஆண்டு டிப்ளமாவை மீண்டும் கொண்டுவந்திருக்கிறது. டிப்ளமா முடித்தவர் மேலும் இரண்டு ஆண்டு படித்து டி.என்.பி. பெறும் வழியும் உண்டு.

சிகிச்சை அளிக்கும் உரிமையில் இம்மூவருக்கும் வேறுபாடு இல்லை. வேறுபாடு தோன்றுவது ஆசிரியப் பணியில். 2019ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின்படி, மருத்துவக் கல்லூரியோடு இணைந்த மருத்துவமனையிலோ 500 படுக்கைகளுக்குக் குறையாத மருத்துவமனையிலோ பெற்ற டி.என்.பி. எல்லா வகையிலும் எம்.எஸ்.ஸுக்குச் சமம், மற்ற இடங்களில் பெற்றிருந்தால், கல்லூரியில் கற்பிக்க வருவதற்கு முன் கூடுதலாக ஓராண்டு மருத்துவக் கல்லூரியில் சீனியர் ரெசிடெண்டாக, அதாவது முதுநிலை முடித்த பயிற்சி நிலை மருத்துவராக, பணியாற்ற வேண்டும். ‘டி.என்.பி. எடுத்தால் பேராசிரியர் ஆக முடியாது’ என்று விடுதிகளில் உலவும் பேச்சு இந்த ஓராண்டுக் கணக்கு ஊதிப் பெரிதானதுதான்.

மூன்று ஆண்டில் என்ன நடக்கிறது

முதல் ஆண்டின் பெரும்பகுதி புறநோயாளிப் பிரிவில் கழியும். ரெட்டினோஸ்கோப்பை வைத்துக் கண்ணாடிப் பவரைக் கண்டுபிடிப்பது, ஸ்லிட் லாம்ப் வழியாகக் கருவிழியின் அடுக்குகளைப் பிரித்துப் பார்ப்பது, தலையில் மாட்டிய கருவியின் ஒளியில் விழித்திரையின் ஓரம்வரை பார்த்துப் படம் வரைவது ஆகிய மூன்றும் கைக்கு வந்தால்தான் மற்றதெல்லாம் தொடங்கும். இவற்றோடு ஆய்வேடு, ஆராய்ச்சி முறையியல் பற்றிய கட்டாயப் படிப்பு, மாவட்ட மருத்துவமனை ஒன்றில் மூன்று மாதப் பணி ஆகியவையும் விதிப்படி முடிக்கப்பட வேண்டும்.

இறுதித் தேர்வில் நான்கு எழுத்துத் தாள்கள். பிறகு, குறைந்தது இருவர் வெளியிலிருந்து வந்த நான்கு தேர்வாளர்கள் முன்னிலையில் செய்முறைத் தேர்வு. மாணவர் நோயாளியைப் பரிசோதித்துக் கண்டதைச் சொல்வார். கருவிகளையும் எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களையும் காட்டிக் கேள்வி கேட்பார்கள். தேர்வாளர் பார்த்துக்கொண்டிருக்க ஒரு கண்புரையை எடுத்துக் காட்டும் வழக்கம் மட்டும் இல்லை. அறுவை சிகிச்சைத் துறை ஒன்றின் பட்டத் தேர்வில் அறுவைத் திறன் நேரடியாகச் சோதிக்கப்படுவதில்லை என்பது வெளியில் இருப்போருக்கு வியப்பாக இருக்கலாம். உயிருள்ள நோயாளியைத் தேர்வுப் பொருளாக்கக் கூடாது என்பதில் நியாயம் இருக்கிறது; ஆனால் அதற்கு மாற்றாக, மூன்று ஆண்டில் செய்த ஒவ்வோர் அறுவையையும் யாரோ ஒருவர் நேர்மையாக மதிப்பிட்டுப் பதிந்திருக்க வேண்டும். லாக் புக் என்னும் பதிவேடு அதற்காகவே இருக்கிறது. பல இடங்களில் அது தேர்வுக்கு முந்தைய வாரத்தில் மொத்தமாக நிரப்பப்படும் சடங்காக இருக்கிறது என்பதைத் துறையில் இருப்பவர் எவரும் மறுக்கமாட்டார்.

கை பழகும் விதம்

கண்புரை அறுவை இத்துறையின் அடிப்படை. கண்ணுக்குள் இருக்கும் இயற்கை லென்ஸ் கலங்கிவிட்டால் அதை எடுத்துவிட்டு, அது இருந்த மெல்லிய பைக்குள் செயற்கை லென்ஸை வைப்பார்கள். அந்தப் பையின் பின்சுவர் சில மைக்ரான் தடிமனே உடையது; ஒரு தலைமுடி அதைவிடப் பல மடங்கு பருமன். அறுவை முழுவதும் அந்தச் சுவர் கிழியாமல் காப்பதைச் சுற்றியே சுழல்கிறது. கிழிந்தால் பின்னால் இருக்கும் விட்ரியஸ் கூழ் முன்னே வரும். விழித்திரை விலகல், வீக்கம், தொற்று ஆகியவற்றின் அபாயம் கூடும்.

இரண்டு முறைகள் வழக்கில் உள்ளன. எஸ்.ஐ.சி.எஸ். என்னும் சிறுவெட்டு முறையில், கண்ணின் வெள்ளைப் பகுதியில் 6 முதல் 7 மில்லிமீட்டர் அகலத்தில் சுரங்கம் போன்ற வெட்டைப் போட்டு, லென்ஸின் கருவை முழுதாக வெளியே எடுப்பார்கள். தையல் பெரும்பாலும் தேவைப்படாது, விலையுயர்ந்த இயந்திரமும் வேண்டாம். ஃபேகோ முறையில் 3 மில்லிமீட்டருக்கும் குறைவான வெட்டு வழியாக மீயொலி ஊசியைச் செலுத்தி, லென்ஸை உள்ளேயே உடைத்து உறிஞ்சுவார்கள். ஃபேகோ செய்பவரின் இரு கைகளும் கண்ணுக்குள் இருக்கும்போது இரு கால்களுக்கும் வேலை உண்டு: ஒரு கால் நுண்ணோக்கியின் குவியத்தைச் சரிசெய்யும், மறு கால் இயந்திரத்தின் மிதியை அழுத்தும். அந்த மிதி முதல் நிலையில் திரவத்தை விடும், இரண்டாம் நிலையில் உறிஞ்சும், மூன்றாம் நிலையில் மீயொலியை இயக்கும். இரண்டாம் நிலையில் நிறுத்த வேண்டிய காலை மூன்றுக்குக் கொண்டுபோய்விட்டால், பின்சுவர் போவதற்கு அந்த ஒரு நொடி போதும். சொட்டு மருந்தில் மட்டுமே மரத்துப்போன கண்ணோடு நோயாளி விழித்திருப்பார் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அறுவை அரங்கில் பேசுவதெல்லாம் அவர் காதில் விழும்.

இதை யாரும் முதல் நாளே முழுதாகச் செய்வதில்லை. நுண்ணோக்கியின் பக்கக் குழாய் வழியாகப் பல வாரங்கள் பார்ப்பதில் தொடங்கும். பிறகு இறைச்சிக் கடையில் வாங்கிவந்த ஆட்டுக் கண்ணை வெட் லேப் என்னும் பயிற்சிக்கூடத்தில் பொருத்தி வெட்டவும் தைக்கவும் பழகுவார்கள். விலங்குக் கண்ணின் லென்ஸ் உறை மனிதக் கண்ணின் உறையைவிட இழுபடும் தன்மை உடையது. ஆகவே அதில் சரியாக வந்த வட்டத் திறப்பு மனிதக் கண்ணிலும் அப்படியே வரும் என்று நம்பிவிட முடியாது. அடுத்தது ‘ஸ்டெப்ஸ்’, அதாவது நோயாளியின் அறுவையில் ஒவ்வொரு கட்டமாகத் தன் கையால் செய்யும் வாய்ப்பு, கிடைக்கும் காலம். நல்ல ஆசிரியர்கள் இதைப் பின்னிருந்து முன்னாகக் கொடுப்பார்கள்: முதலில் வெட்டை மூடுவது, அடுத்து செயற்கை லென்ஸைச் செலுத்துவது, பிறகு எஞ்சிய மென்பகுதியை உறிஞ்சுவது, கடைசியாகத்தான் லென்ஸ் உறையின் வட்டத் திறப்பும் கருவை உடைப்பதும். ஆபத்தான கட்டங்களை மூத்தவர் முடித்துக் கொடுப்பதால் நோயாளிக்குக் கேடு வராமலே கற்றுக்கொள்பவரின் கை கண்ணுக்குள் பழகிவிடுகிறது.

எத்தனை அறுவைக்குப் பிறகு கை பழகும்? அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் பயிற்சி மருத்துவர்களின் ஃபேகோ அறுவைகளை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட கட்டுரை, முதல் 80 அறுவைகளில் 5.1 விழுக்காடாக இருந்த விட்ரியஸ் இழப்பு அதன் பிறகு 1.9 விழுக்காடாகக் குறைந்தது என்கிறது. 80 என்பது எல்லா இடத்துக்கும் பொருந்தும் எல்லை என்று கொள்ள வேண்டியதில்லை. எண்ணிக்கைக்கும் பாதுகாப்புக்கும் தொடர்பு உண்டு என்பதை மட்டும் அது ஐயமின்றிக் காட்டுகிறது.

ஓரிடத்தில் நிறைய, ஓரிடத்தில் சொற்பம்: காரணம் என்ன

அமெரிக்காவில் கண் மருத்துவப் பயிற்சியை முடிப்பவர் முதன்மை அறுவையாளராகக் குறைந்தது 86 கண்புரை அறுவை செய்திருக்க வேண்டும் என்று பயிற்சிகளை அங்கீகரிக்கும் அமைப்பு கேட்கிறது. பிரிட்டனில் ஏழு ஆண்டுப் பயிற்சி. அங்கே நெடுங்காலமாக 350 முழுமையான கண்புரை அறுவைகள் என்பது நிபுணர் தகுதிக்கான அளவுகோலாக இருந்துவந்தது. இந்தியப் பாடத்திட்டமும் எவற்றைத் தானே செய்ய வேண்டும், எவற்றுக்கு உதவ வேண்டும், எவற்றைப் பார்த்தால் போதும் என்று பட்டியலிடுகிறது. குறைந்தபட்ச எண்ணிக்கையை வெளியிலிருந்து தணிக்கை செய்து, அது இல்லாதவரைத் தேர்வெழுத விடாமல் நிறுத்தும் ஏற்பாடுதான் நடைமுறையில் வலுவாக இல்லை.

விளைவாக, ‘அங்கே கட்டிங் எப்படி?’ என்பதே மூத்த மாணவர்களிடம் கேட்கப்படும் முதல் கேள்வியாகிவிட்டது. கட்டிங் என்றால் தன் கையால் அறுவை செய்யக் கிடைக்கும் வாய்ப்பு. அது இடத்துக்கு இடம் மாறுவதற்கு முதன்மையான காரணம் நோயாளிகள் எங்கே போகிறார்கள் என்பது. சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819இல் தொடங்கப்பட்டது. லண்டன் மூர்ஃபீல்ட்ஸுக்கு அடுத்து உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று. அங்கே கண்காணிப்பாளராக இருந்த ராபர்ட் ஹென்றி எலியட், கண் அழுத்த நோய்க்கு வெண்விழியில் சிறு துளையிடும் அறுவையால் உலகறிந்தவரானார். இந்தியாவின் முதல் கண் வங்கி 1945இல் அமைந்ததும் இங்கேதான். கூட்டம் எப்போதும் இருந்தது. கற்பவருக்குக் கேஸ் குறையவில்லை.

1976இல் இரண்டு மாற்றங்கள் நிகழ்ந்தன. பார்வை இழப்பைத் தடுக்கும் தேசியத் திட்டம் தொடங்கியது. அதே ஆண்டில், அரசுப் பணியில் ஓய்வுபெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்தைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன நிலையிலும் கத்தியைப் பிடிக்கத் தன்னைப் பழக்கிக்கொண்டவர் அவர். இரண்டு ஆண்டு கழித்துச் சென்னையில் டாக்டர் எஸ்.எஸ். பத்ரிநாத் சங்கர நேத்ராலயாவை நிறுவினார். ஐதராபாத்தில் 1987இல் எல்.வி. பிரசாத் கண் நிறுவனம் வந்தது. கண்ணுக்கென்றே இயங்கும் இம்மருத்துவமனைகள் முகாம்கள் வழியாகக் கிராமங்களிலிருந்து நோயாளிகளைக் கொண்டுவந்தன. அறுவை அரங்கில் இரண்டு மேசைகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, ஒன்றில் அறுவை முடிந்ததும் நுண்ணோக்கியை அடுத்ததற்குத் திருப்பும் முறையும், முன்னே சொன்ன உதவியாளர் படையும் எண்ணிக்கையைப் பல மடங்காக்கின. 1992இல் தொடங்கிய ஆரோலேப் செயற்கை லென்ஸைக் குறைந்த விலையில் தயாரித்ததும், முகாம் நோயாளிகளுக்கும் லென்ஸ் வைப்பது இயல்பாகிவிட்டது.

இந்த மாற்றத்துக்கு மறுபக்கம் ஒன்று உண்டு. நகருக்கு நகர் கண் மருத்துவமனைகள் பெருகியபோது, பொது மருத்துவக் கல்லூரியின் கண் பிரிவைத் தேடி வரும் கண்புரை நோயாளிகள் பல ஊர்களில் குறைந்தனர். புதிதாகத் தொடங்கிய தனியார் கல்லூரிகள் சிலவற்றில் பேராசிரியர்களே போதிய அறுவை செய்ய முடியாத நிலையில் மாணவருக்கு எங்கிருந்து கிடைக்கும்? காசு கொடுத்துச் சிகிச்சை பெறுபவரோ மூத்தவரே செய்ய வேண்டும் என்று கேட்பார். அது அவருடைய உரிமையும்கூட. எனவே இலவசப் பிரிவு பெரிதாக இருக்கும் இடத்தில்தான் பயிற்சி நன்றாக அமைகிறது. நன்றாகக் கற்ற ஒவ்வொரு மருத்துவரின் கையும் ஏழை நோயாளிகளின் கண்களில் பழகியதுதான் என்பதைத் துறை வெளிப்படையாகப் பேசுவதில்லை. மேற்பார்வையும் ஒப்புதலும் கறாராக இருந்தாக வேண்டியதற்கு அதுவே வலுவான காரணம்.

ஃபெல்லோஷிப்: எதை நிரப்புகிறது, எதை இழக்கச் செய்கிறது

பொது அறுவை சிகிச்சை முடித்தவர் எம்.சிஎச். என்னும் உயர்சிறப்புப் பட்டம் படிப்பது போன்ற பரவலான பட்டவழி கண் மருத்துவத்தில் வளரவில்லை. கருவிழி, கண் அழுத்த நோய், விழித்திரை, குழந்தைகள் கண் நோயும் மாறுகண்ணும், இமை-கண்குழி அறுவை, நரம்புசார் கண் நோய் என உட்பிரிவுகள் பல இருந்தும், அவற்றைக் கற்பது மருத்துவமனைகள் தாமே நடத்தும் ஃபெல்லோஷிப் வழியாகவே நடக்கிறது. பெரும்பாலும் ஓராண்டு முதல் இரண்டாண்டு. விழித்திரை அறுவைக்கு நீண்ட காலம் பிடிக்கும். தேசியத் தேர்வு வாரியம் விழித்திரை அறுவையில் எஃப்.என்.பி. என்ற இரண்டாண்டுப் பயிற்சியை நடத்துகிறது. ஒரு பொதுத் தேர்வின் வழியே சேர்ந்து, இறுதியில் தேர்வெழுதித் தேற வேண்டிய முறை அதில் இருக்கிறது. மற்றவை பெரும்பாலும் அந்தந்த நிறுவனத்தின் பெயர் மதிப்பில் நிற்கின்றன.

இதன் விளைவுகளை வரிசையாகப் பார்க்கலாம்.

1. உட்பிரிவு நிபுணத்துவத்துக்காக ஏற்பட்ட ஃபெல்லோஷிப், அடிப்படைக் கண்புரை அறுவையைக் கற்றுக்கொள்ளும் இடமாகவும் ஆகிவிட்டது. ‘ஃபேகோ ஃபெல்லோஷிப்’ என்று தனியே ஒன்று இருப்பதே, மூன்று ஆண்டுப் படிப்பு விட்டுவைத்த குறையைக் காட்டுகிறது.

2. எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டு, நுழைவுத் தேர்வுத் தயாரிப்பு, முதுநிலை மூன்று ஆண்டு, அதன்மேல் ஃபெல்லோஷிப் என்று கூட்டினால், தனித்து நின்று அறுவை செய்யத் தொடங்கும்போது வயது முப்பதை எட்டிவிடும். அரசுக் கல்லூரியில் படித்தவருக்கு, முடித்ததும் குறிப்பிட்ட காலம் அரசுப் பணியில் இருந்தாக வேண்டும் என்ற பணிப்பிணைப்பு வேறு இருக்கிறது. திருமணமும் மகப்பேறும் இதே ஆண்டுகளில் வருவதால் பெண் மருத்துவர்கள் தரும் விலை கூடுதல்.

3. ஃபெல்லோவின் உதவித்தொகை, பணி நேரம், முடிந்தபின் அதே நிறுவனத்தில் இத்தனை ஆண்டு வேலை செய்ய வேண்டும் என்ற பாண்ட் ஆகியவை நிறுவனத்துக்கும் மருத்துவருக்கும் இடையிலான ஒப்பந்தம் மட்டுமே. எத்தனை அறுவை தருவோம் என்பதை எழுத்தில் தரும் இடங்களும் உண்டு. புறநோயாளிப் பிரிவில் உட்காரவைத்தே காலத்தைக் கடத்தும் இடங்களும் உண்டு.

4. ஃபேகோ மட்டுமே பழகியவர், அந்த இயந்திரம் இல்லாத அல்லது பழுதான அரசு மருத்துவமனைக்குப் பணிக்குப் போனால் திணறுகிறார். முற்றிக் கல்லாகிப்போன கண்புரைகள் அங்கேதான் மிகுதி, அவற்றுக்கு எஸ்.ஐ.சி.எஸ்.தான் பாதுகாப்பானது. பயிற்சிக் காலத்தில் சிறுவெட்டு முறையைப் பழைய முறை என்று ஒதுக்குவதைப் போன்ற பிழை வேறில்லை.

5. ஃபெல்லோஷிப்பில் கழித்த காலம் கல்லூரிப் பதவி உயர்வுக் கணக்கில் தானாகச் சேர்ந்துவிடாது. உதவிப் பேராசிரியராக வேண்டுமானால் அங்கீகரிக்கப்பட்ட கல்லூரியில் ஓராண்டு சீனியர் ரெசிடெண்ட் பணி வேண்டும் என்பதே பொதுவான விதி. ஆசிரியப் பணியை நாடுபவர் இந்த வரிசையை முன்கூட்டியே திட்டமிட வேண்டும்.

எஃப்.ஐ.சி.ஓ., எஃப்.ஆர்.சி.எஸ்.: இவை எதைச் சொல்கின்றன

பன்னாட்டுக் கண் மருத்துவ மன்றம் அடிப்படை அறிவியல், ஒளியியல், மருத்துவ அறிவு ஆகியவற்றில் உலகெங்கும் ஒரே தேர்வை நடத்துகிறது. படிகளைக் கடந்து முடிப்பவர் எஃப்.ஐ.சி.ஓ. எனப்படும் தகுதியைப் பெறுகிறார். கிளாஸ்கோ, எடின்பரோ அறுவை மருத்துவக் கல்லூரிகள் எஃப்.ஆர்.சி.எஸ். தேர்வுகளையும், லண்டனில் இருக்கும் ராயல் கண் மருத்துவக் கல்லூரி தன் தேர்வையும் நடத்துகின்றன. அகில இந்தியக் கண் மருத்துவச் சங்கமும் எஃப்.ஏ.ஐ.சி.ஓ. என்ற பெயரில் உட்பிரிவுத் தேர்வுகளை நடத்துகிறது.

இத்தேர்வுகளுக்குப் படிப்பதால் அறிவு ஒழுங்குபடுகிறது. குறிப்பாக ஒளியியலைத் தேர்வுக்காகவாவது முறையாகப் படிப்பது வாழ்நாள் முழுதும் பயன் தரும். இவற்றால் கிடைக்காதது இரண்டு. ஒன்று, அறுவைத் திறன்: இவை பெரும்பாலும் எழுத்தும் வாய்மொழியும் நோயாளிப் பரிசோதனையுமே. இரண்டு, வெளிநாட்டில் நிபுணராகப் பணிபுரியும் உரிமை: பிரிட்டனில் அதற்குத் தனிப் பதிவும் பணி அனுபவத்தின் முழு ஆவணமும் வேண்டும், அமெரிக்காவில் இந்தியப் பயிற்சி பொதுவாகக் கணக்கில் வராது, உரிமத் தேர்வுகளை எழுதி எஸ்.எஃப். மேட்ச் என்னும் ஒதுக்கீட்டு முறையில் இடம் பெற்று, பயிற்சியைத் தொடக்கத்திலிருந்து செய்ய வேண்டும். நோயாளியின் கேள்விக்கும் இங்கேயே விடை இருக்கிறது: எழுத்துகள் கூடக்கூடத் தேர்வுகள் கூடியிருக்கின்றன என்று அறியலாம். முப்பது ஆண்டு மாவட்ட மருத்துவமனையில் அறுவை செய்த டி.ஓ. மருத்துவரின் கை, அந்தப் பலகையில் தெரியாது.

கற்பதற்கு இன்று கிடைக்கும் வளங்கள்

1930இல் தொடங்கிய அகில இந்தியக் கண் மருத்துவச் சங்கத்தின் இதழ் யாரும் கட்டணமின்றிப் படிக்கும்படி இணையத்தில் கிடைக்கிறது. இந்திய நோயாளிகளைப் பற்றிய ஆய்வுகளுக்கு அதை விட்டால் வேறு நல்ல வாயில் குறைவு. ஆர்பிஸ் என்னும் தொண்டு நிறுவனம் 1982 முதல் விமானத்துக்குள்ளேயே அறுவை அரங்கை அமைத்து நாடு நாடாகப் போய்க் கற்பித்து வருகிறது. அதன் சைபர்சைட் தளத்தில் பாடங்களும் நேரலை அறுவை விளக்கங்களும் இலவசம். அமெரிக்கக் கண் மருத்துவக் கழகம் நடத்தும் ஐவிக்கி, நோய்களைப் பற்றிய தொகுப்பை யாருக்கும் திறந்து வைத்திருக்கிறது. மாநில அளவில் தமிழ்நாடு கண் மருத்துவச் சங்கத்தின் மாநாடுகள் மாணவர் முதன்முதலாக மேடையேறி ஆய்வைச் சொல்லும் இடமாகப் பயன்படுகின்றன.

இவையெல்லாம் அறிவுக்கான வளங்கள். கைக்கான வளங்களில் இரண்டு குறிப்பிடத்தக்கவை. ஒன்று, பன்னாட்டு மன்றம் உருவாக்கிய ஆஸ்கார் மதிப்பெண் தாள்: அறுவையைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் தொடக்கநிலையா, தேர்ந்தநிலையா என்று ஆசிரியர் குறிக்க வேண்டும், எந்த நிலைக்கு என்ன அடையாளம் என்பதும் தாளிலேயே எழுதப்பட்டிருக்கும். காசு செலவில்லாத இந்தத் தாளை எந்தக் கல்லூரியும் நாளைக்கே பயன்படுத்தத் தொடங்கலாம். மற்றொன்று, மெய்நிகர் பயிற்சி இயந்திரம். பிரிட்டனில் முதல், இரண்டாம் ஆண்டுப் பயிற்சி மருத்துவர்கள் செய்த அறுவைகளை ஆராய்ந்து 2020இல் வெளியான அறிக்கை, ஐசி என்னும் அத்தகைய இயந்திரம் கிடைத்த இடங்களில் லென்ஸ் பையின் பின்சுவர் கிழியும் விகிதம் 4.2 விழுக்காட்டிலிருந்து 2.6 விழுக்காடாக இறங்கியதைக் காட்டுகிறது. இயந்திரத்தின் விலை மிக அதிகம்; ஒவ்வொரு கல்லூரியும் வாங்க முடியாது. மாநிலத்துக்கு ஓரிரு மையங்களில் வைத்து எல்லாக் கல்லூரி மாணவரையும் சுழற்சியில் அனுப்புவது மட்டும் முடியாத காரியம் இல்லை.

எந்தப் பிரிவுக்கு எங்கே தேவை

2015 முதல் 2019 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பின்படி நாட்டில் பார்வையிழப்பு 0.36 விழுக்காடு, ஐம்பது வயதைக் கடந்தவர்களில் பார்வையிழந்தோருள் மூவரில் இருவருக்குக் காரணம் கண்புரையே. எனவே நல்ல கண்புரை அறுவையாளருக்கு வேலை இல்லாமல் போகும் காலம் அண்மையில் இல்லை. அதே சமயம், நாட்டில் நீரிழிவு உள்ளோர் சுமார் 10.1 கோடி என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் மதிப்பிட்டது. நாற்பது வயதைக் கடந்த நீரிழிவு நோயாளிகளில் சுமார் எட்டில் ஒருவருக்கு விழித்திரைப் பாதிப்பு இருப்பதை நாடு தழுவிய இன்னோர் ஆய்வு கண்டது. லேசரும் ஊசியும் போடத் தெரிந்த விழித்திரை மருத்துவர் மாவட்டத் தலைநகருக்குக் கீழே கிடைப்பது அரிது. குறைமாதக் குழந்தைகளின் விழித்திரையைப் பிறந்த சில வாரங்களுக்குள் பார்க்க வேண்டும். பச்சிளங்குழந்தைப் பிரிவுகள் சிறு நகரங்கள்வரை வந்துவிட்ட வேகத்தில் இதைப் பார்க்கத் தெரிந்தவர்கள் உருவாகவில்லை. வருமானத்தை மட்டும் கணக்கிட்டுக் கண்ணாடி நீக்கும் லேசர் சிகிச்சையை நோக்கி எல்லோரும் நகர்வது, பெருநகரங்களில் ஏற்கெனவே நெரிசலாகிவிட்ட இடத்தை மேலும் நெருக்குகிறது.

எந்தப் பிரிவில் இருந்தாலும், ஐந்து ஆண்டுக்கு 30 மணி நேரத் தொடர்கல்வி வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகளிலேயே உள்ளது. மாநாட்டு மண்டபத்தில் கையெழுத்திட்டுவிட்டு வெளியே போனாலும் இந்த மணிக்கணக்கு நிறைந்துவிடும் என்பது அதன் பலவீனம்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும் முன்

எம்.எஸ்.ஸா டி.என்.பி.யா என்ற கேள்வியை விடப் பயனுள்ளவை கீழே உள்ளவை. இவற்றை விளம்பரக் குறிப்பிலிருந்து அறிய முடியாது. அங்கே இப்போது கடைசி ஆண்டில் இருக்கும் மாணவரிடம் நேரில் கேட்க வேண்டும்.

1. போன ஆண்டு வெளியேறியவர் தானே முழுதாகச் செய்த எஸ்.ஐ.சி.எஸ். எத்தனை, ஃபேகோ எத்தனை? ‘உதவி செய்தது’ இந்தக் கணக்கில் சேராது.

2. அந்த வாய்ப்பு எல்லா மாணவருக்கும் சமமாகக் கிடைத்ததா, ஆசிரியரின் விருப்பத்துக்குரிய ஓரிருவருக்கு மட்டுமா?

3. ஃபெல்லோக்கள் அதிகமுள்ள மருத்துவமனையானால், கேஸ்களை முதலில் எடுப்பவர் யார்? பெயர்பெற்ற இடங்களிலும் முதுநிலை மாணவர் பின்வரிசைக்குத் தள்ளப்படுவது உண்டு.

4. சிக்கல் நேர்ந்தால் அரங்கிலேயே வந்து கைகொடுக்கும் மூத்தவர் இருக்கிறாரா? மேற்பார்வை இல்லாமல் கிடைக்கும் இருநூறு அறுவை, மேற்பார்வையோடு கிடைக்கும் எண்பதை விட மோசமான பயிற்சி.

5. டி.என்.பி. என்றால், அந்த மருத்துவமனை கல்லூரியோடு இணைந்ததா அல்லது 500 படுக்கைகள் கொண்டதா?

6. பணிப்பிணைப்பின் காலமும் தொகையும், அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வார்களா என்பதும் எழுத்தில் உள்ளதா?

நான்காவது கேள்விக்குத் தயங்காமல் ‘ஆம்’ என்று விடை சொல்லும் மாணவர் இருக்கும் இடம், கல்லூரியாக இருந்தாலும் மருத்துவமனையாக இருந்தாலும், தரவரிசையில் சில நூறு இடங்கள் கீழே இறங்கியாவது எடுக்கத்தக்கது.